பனியனும் பரியாவும்

திருப்பூரில் டி-ஷர்ட் தைத்தாலும் சரி, ஜட்டி தைத்தாலும் சரி, ஆட்கள் வேலைக்குப் போவது 'பனியன் கம்பெனி'க்குத்தான். அந்தப் 'பனியன்' ஒரு சாதியின் பெயர் என்பதை நம்மில் பலர் யோசித்ததில்லை.

குஜராத்தின் வணிகச் சாதி 'வாணியா'. போர்த்துக்கீசியர் வாயில் அது 'பனியன்' ஆனது. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். அந்த வணிகர்கள் கூடிய ஆலமரத்துக்கும் அதே பெயர், அவர்கள் உடையை ஒத்த தொளதொள அங்கிக்கும் அதே பெயர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் லண்டன் பணக்காரர்கள் வீட்டில் அந்த அங்கியோடு உட்கார்ந்திருப்பது பெருமை. நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பிஸ் 1666இல் இந்திய அங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு ஓவியம் வரையச் சொன்னார். நம்மூர் ஸ்டுடியோவில் கோட்டு மாட்டிப் போட்டோ எடுத்த மாதிரிதான்! 1886இல் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி வந்தபோது பனியன் உள்சட்டையாகிவிட்டது.

இதே கப்பல்களில் இன்னொரு சாதியின் பெயரும் ஐரோப்பாவுக்குப் போனது. பறை முழக்கியவர்களின் பெயர். ஆங்கிலத்தில் அது 'பரியா'. வியாபாரியின் பெயர் சீமான்களின் உடையானது. பறையரின் பெயருக்கு அகராதியில் 'எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன்' என்று பொருள் எழுதினார்கள். தெருநாய்க்குக் கூட 'பரியா டாக்' என்று பெயர். வெள்ளைக்காரன் இதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கே சாதி இந்துக்கள் யாரை எங்கே வைத்திருந்தார்களோ, அதைத்தான் குறித்துக்கொண்டு போனான்.

'சொல்லின் பொருள் மாறிவிட்டது, இப்போது யாரும் சாதியை நினைத்துச் சொல்வதில்லை' என்பார்கள். பனியனுக்கு அது பொருந்தும். அதைப் போடும்போது எந்த வியாபாரியும் அவமானப்படுவதில்லை. 'பரியா'வுக்குப் பொருந்தாது. தீண்டாமையை எடுத்துவிட்டால் அந்தச் சொல்லில் மிச்சம் என்ன இருக்கிறது?

அவிநாசி, பல்லடம் பக்கத்துக் கிராமங்களில் காலனி இன்றும் ஊருக்கு வெளியேதான். பண்ணையத்து ஆளாக இருந்த அருந்ததியர், கவுண்டர் எதிரில் சட்டை போடவும் தோளில் துண்டு போடவும் தடை இருந்த மண் இது. அவர்கள் பிள்ளைகள் பலரைத் தோட்டத்து வேலையிலிருந்தும் முன்பணக் கடனிலிருந்தும் வெளியே கொண்டுவந்தது இந்தப் பனியன் கம்பெனிதான். அங்கேயும் சுரண்டல் உண்டு. ஆனால் வாரக்கூலி கையில் வந்தது, வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏற முடிந்தது. அதே பையனைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது டீக்கடைகளில் இன்னும் நின்றபாடில்லை.

பொது இடத்தில் அப்படித் திட்டினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆங்கிலத் தலையங்கத்தில் 'பரியா' என்று எழுதினால் அது நல்ல நடை! கோவைக் கல்லூரிகளின் விவாத மேடைகளிலும் இது கைதட்டல் வாங்கும் சொல். பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுக்கும் நம் தோழர்களே இஸ்ரேலை 'பரியா ஸ்டேட்' என்று பதிவு போடுகிறார்கள். இனப்படுகொலை செய்யும் அரசுக்கு ஒடுக்கப்பட்டவரின் பெயரைச் சூட்டுவது எந்த ஊர் நியாயம், தோழர்களே?

பனியன் பனியனாகவே இருக்கட்டும். அந்தப் பெயரை வேறு கைகள் எப்போதோ தமதாக்கிவிட்டன. 'பரியா'வை எழுதும் ஆங்கில நாளிதழ்களுக்கு ஆசிரியர் கடிதம் போடுங்கள். அதற்கு முன் உங்கள் பழைய பதிவுகளில் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.