மெதுவாய்ப் போன மோட்டார்

திருவாரூர்த் தேர் அசைந்து அசைந்து வருவதுதான் அழகு என்பது சோழநாட்டார் சித்தாந்தம். கலிபோர்னியாவில் டிஸ்னி கம்பெனியார் 2001-ல் திறந்த கேளிக்கைப் பூங்காவிலோ, மெதுவாய்ப் போனதே ஒரு சவாரிக்கு எமனாயிற்று. அதன் பெயர் ‘சூப்பர்ஸ்டார் லிமோ’.

படம் பிடிக்கத் துரத்துவோரிடமிருந்து சினிமா நட்சத்திரம் மோட்டாரில் தப்பிப் பறப்பதாகத்தான் முதலில் திட்டமிட்டார்கள். 1997-ல் படக்காரர்கள் பின்தொடர, இளவரசி டயானா மோட்டார் விபத்தில் மாண்டதும் வேகத்தைக் கைவிட்டார்கள். மிஞ்சியது, பொம்மை நட்சத்திரங்களிடையே ஓர் ஊர்வலம். ஜனங்கள் நகைத்தார்கள், 2002 ஜனவரியில் மூடிவிட்டார்கள்.

இன்றும் அதன்மேல் ஆசை வைத்தவர்கள் உண்டு. ஏறிப் பாராமலே நாமும் அந்தக் கட்சிதான். வீட்டுத் துக்கத்தால் பின்தங்கிய மாணவனை, காரணம் கேளாமல் ‘மக்கு’ என்று ஒருநாள் வைதுவிட்டோம். அன்று முதல், தோற்றது எதுவானாலும் ‘ஏன்?’ என்று கேட்காமல் நாம் சிரிப்பதில்லை.