உறங்கும் ஓடுதளங்கள்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நோக்குவார்க்குக் கிழக்கே சிறுமலையும், மேற்கே கொடைக்கானல் மலைத்தொடரும், இடையே பரந்த சமவெளியும் தோன்றும். அவ்வெளியின் மேலுள்ள வானத்தில் நம் மாணவர்க்குப் பங்கு உண்டா என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா.

தமிழ்த்துறை மலரில் விமானப் பேச்சு எதற்கு எனச் சிலர் கேட்கலாம். வலவன் இன்றி விண்ணில் செல்லும் ஊர்தியைப் புறநானூறு பாடியிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் அப்பாஸ் இப்னு பிர்னாஸ் இறகு பூட்டிப் பறக்க முயன்றதாக வரலாறு கூறும். இவ்விரண்டையும் மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். சொல்லி மகிழ்வதோடு நின்றுவிடுகிறோம் என்பதே நம் குறை.

இங்கிலாந்தில் பொழுதுபோக்கு விமானிகள், விடுமுறை நாளில் சிறு விமானத்தில் புறப்பட்டு, புல்தரை ஓடுதளங்களில் இறங்கித் தேநீர் பருகி, பழைய விமானங்களைக் கண்டு மாலையில் மீள்வது வழக்கம். பெட்ஃபோர்டுஷயரின் ஓல்டு வார்டன் அத்தகைய தளம். 1909ஆம் ஆண்டின் பிளேரியோ விமானம் ஒன்று அங்கே பேணப்பட்டு வருகிறது. செல்வர் விளையாட்டு என்று இதனை ஒதுக்குவோர் உளர்; அதில் ஓரளவு உண்மையும் உண்டு.

ஆயினும் நம்மிடம் தளங்கள் இல்லாமல் இல்லை. செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்பேட்டை, சோழவரம் ஆகிய இடங்களில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஓடுதளங்கள் அமைந்தன. போர் ஓய்ந்தபின் சோழவரத்தில் பந்தயக் கார்கள் ஓடின. ஏனையவை பெரும்பாலும் பயனற்றுக் கிடந்தன. பயிற்சிப் பள்ளி வரும் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்குகிறது.

தனியார் விமானி உரிமத்திற்கு 17 வயதும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், 40 மணிநேரப் பறத்தலும் வேண்டும். வணிக விமானி உரிமத்திற்கு 200 மணிநேரம். எட்டாதது வயதும் படிப்பும் அல்ல, கட்டணமே. மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் தாராளமாக உதவும் நம் சமுதாயப் பெரியோர், இக்கல்வி என்றதும் தயங்குவானேன்?

அப்துல் கலாம் அவர்கள் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணமின்றி நின்றபோது, தமக்கையார் சொஹரா தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அங்கே காட்சிக்கு நின்ற இரு பழைய விமானங்களே அவ்விளைஞரைப் பெரிதும் ஈர்த்தன. பின்னர் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குச் சென்ற 25 பேரில் அவர் ஒன்பதாமவர், இடமோ எட்டுத்தான். 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக, 74ஆம் வயதில், புனேயில் சுகோய்-30 விமானத்தில் ஏறிப் பறந்தார்.

நம் கல்லூரியும் ஓய்வுபெற்ற விமானம் ஒன்றை வளாகத்தில் நிறுத்த விமானப்படையிடம் விண்ணப்பிக்கலாம். முன்னாள் மாணவரும் செல்வந்தரும் கூடி, ஆண்டிற்கு ஒரு மாணவருக்கேனும் அந்த 40 மணிநேரச் செலவை ஏற்கலாம். மாணவியரும் இத்தேர்வில் இடம்பெற வேண்டும் என்பது நம் கருத்து.