யாருடைய வீடு பள்ளியாகும்?

வீட்டுக்கல்வியை உயர்த்திப் பிடிப்போர், அமெரிக்காவில் லாரன்ஸ் ரட்னர் 1998இல் 20,760 மாணவரிடம் நடத்திய ஆய்வைக் காட்டுகின்றனர். அதற்கு நிதியளித்தது வீட்டுக்கல்விக்காக வழக்காடும் அமைப்பு. பங்கேற்றவை தாமாக முன்வந்த, படித்த, வசதியான குடும்பங்கள். பொதுப்பள்ளியைவிட வீட்டுக்கல்வி மேலானது என இது நிறுவவில்லை என்று ரட்னரே எழுதினார். அந்த வரி மட்டும் இவர்கள் கண்ணில் படுவதில்லை!

சித்தூர் மாங்கூழ் ஆலையில் நாள் முழுதும் நிற்கும் தாய் எப்பொழுது ஆசிரியையாவது? 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, திருப்பதியில் கைப்பேசியற்ற கூலித் தொழிலாளி வீடு பள்ளியாகிவிடவில்லை. பள்ளி விலகினால் ஏழைச் சிறுமிக்கு மிஞ்சுவது வீட்டுக்கல்வியன்று, வீட்டுவேலை. நகரி, குப்பம் வட்டாரத் தமிழ்க் குழந்தைகளுக்கோ தாய்மொழி எழுத்தும் அரசுப்பள்ளியோடு போய்விடும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறும் அருகமைப் பள்ளியை, தமிழாசிரியர் பணியிடங்களை நிரப்பி, ஆந்திர அரசு நடத்த வேண்டும்.