மேப்ல சிவப்பைத் தேடுறோம், வெளுப்பா இருக்கிற இடத்தை யார் பார்க்கிறது?



நம்ம வாட்ஸ்அப் குழுக்கள்ல அடிக்கடி ஒரு மேப் சுத்தி வரும். சில மாவட்டம் கருஞ்சிவப்பு, சில மாவட்டம் வெளிர்மஞ்சள். மேலே "பெண்களுக்கு எதிரான குற்றங்கள்" என்று ஒரு தலைப்பு, கீழே ஒரு கேலி வரி. நமக்குச் சாதகமா இருந்தா நாம ஃபார்வர்ட் பண்றோம், எதிர்த்தரப்புக்குச் சாதகமா இருந்தா அவங்க பண்றாங்க. பத்து நிமிஷம் சண்டை, அப்புறம் அடுத்த மீம்.

இன்ஜினியரிங் படிச்சுட்டு ஐடி விங்ல தன்னார்வலரா இருக்கிறவன், தினமும் இந்த மாதிரி டேட்டாவோட மல்லுக்கட்டுறவன் என்கிற முறையில ஒண்ணு சொல்லணும். அந்த மேப்பை நாம படிக்கிற விதத்தால, நியாயம் கேட்டு வர்ற ஒரு பொண்ணுக்குக் கதவு மூடலாம். கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல, அந்தச் சிவப்பு எதைக் காட்டுது? நடந்த குற்றத்தை இல்லை, பதிவான வழக்கை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடுற எண்கள் எல்லாமே காவல் நிலையத்துல பதிவானவை. குற்றம் அதிகமாவது வேற, பதிவு அதிகமாவது வேற என்று அந்த அறிக்கையே எச்சரிக்குது. அதை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறது இல்லை.

இப்போ ரெண்டு ஸ்டேஷனை நினைச்சுப் பாருங்க. ஒண்ணுல புகாரோட வர்ற பொண்ணை உட்கார வச்சு, கேட்டு, எஃப்ஐஆர் போடுறாங்க. இன்னொண்ணுல "குடும்ப விஷயம்மா, பேசித் தீர்த்துக்கோங்க" என்று அனுப்பிடுறாங்க. மேப்ல எது சிவப்பாகும்? வேலை செஞ்ச ஸ்டேஷன்தான். திருப்பி அனுப்புன ஸ்டேஷன் வெளிர்மஞ்சள்ல நிம்மதியா இருக்கும்.

நாம சிவப்பைக் கேலி பண்ணப் பண்ண, மேலதிகாரிக்கு எண்ணைக் குறைச்சுக் காட்டணும் என்கிற நெருக்கடி கூடும். எண்ணைக் குறைக்கச் சுலபமான வழி குற்றத்தைக் குறைப்பது இல்லை, புகாரை வாங்காம இருப்பது. இது எந்த ஆட்சி நடந்தாலும் பொருந்தும். அதனாலதான் இதைக் கட்சிப் பக்கத்துலயே எழுதுறேன்.

மக்கள்தொகையையும் பாருங்க. சென்னையில வழக்கு எண்ணிக்கை பெரம்பலூரை விட அதிகமாத்தான் இருக்கும், ஏன்னா சென்னையில ஆளே பல மடங்கு அதிகம். தொட்டா விரியுற மேப்பா இருந்தா "மொத்தம்" என்பதை "லட்சம் பேருக்கு எத்தனை" என்று மாத்திப் பாருங்க. ஒரு வருஷத்தை விட்டுட்டு அஞ்சு வருஷத்தை ஓட்டிப் பாருங்க. நிறம் மாறும். மாத்திப் பார்க்கத்தான் அந்த பட்டன் இருக்கு. ஸ்கிரீன்ஷாட்ல அது செத்துடுது.

அப்போ மேப்பே வேண்டாமா? வேணும். ஆனா அதைச் சரியா பயன்படுத்துன ஒருத்தரைப் பார்ப்போம்.

1854. லண்டன், சோஹோ பகுதி. காலரா. சில வாரத்துல 600 பேருக்கு மேல செத்துப் போனாங்க. கெட்ட காத்துதான் காரணம் என்று அன்னைக்குப் பெரும்பாலானவங்க நம்புனாங்க. ஜான் ஸ்நோ என்கிற டாக்டர் தண்ணிதான் காரணம் என்று சந்தேகப்பட்டார். வீடு வீடா போய் விசாரிச்சார். பெரும்பாலான சாவு பிராட் தெருவில இருந்த ஒரு அடிபம்பைச் சுத்தி இருந்துச்சு. அவர் சொன்னதைக் கேட்டு நிர்வாகம் பம்போட கைப்பிடியைக் கழட்டுச்சு. அதுக்கு அப்புறம்தான் அவர் அந்த விவரத்தை எல்லாம் மேப்பா வரைஞ்சு வெளியிட்டார். அதாவது கால் முதல்ல நடந்துச்சு, மேப் பின்னாடி வந்துச்சு.

இதுல அதிகம் பேசப்படாத பகுதி ஒண்ணு இருக்கு. பம்புக்குப் பக்கத்துலயே ஒரு அனாதை இல்லம் மாதிரியான ஏழைகள் விடுதி. 500 பேருக்கு மேல இருந்தாங்க, செத்தது 5 பேர்தான். ஏன்? அவங்களுக்குத் தனிக் கிணறு. அதே தெருவில ஒரு பீர் தொழிற்சாலை, அங்கே வேலை செஞ்சவங்க யாரும் காலராவுல சாகலை. அவங்க அந்தப் பம்புத் தண்ணியைக் குடிக்கவே இல்லை. ஸ்நோவோட வாதத்துக்கு இந்த ரெண்டு வெற்றிடமும் பெரிய பலம். புள்ளி இருக்கிற இடத்துல மட்டும் நிக்காம, புள்ளி ஏன் இங்கே இல்லை என்றும் அவர் கேட்டார்.

நம்ம ஊருக்கு வருவோம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் யாருக்கும் மறக்காது. அப்போ ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் ஒரு மேப் போட்டாங்க. உங்க தெருவில தண்ணி நின்னா அந்தத் தெருவைத் தொட்டா போதும், நிறம் மாறும். எந்த வழியா போகலாம், எங்கே போக முடியாது என்று பார்க்கிறதுக்குப் பெரிய உதவி.

ஆனா அன்னைக்குப் பல பகுதியில கரண்ட் இல்லை, செல்போன் டவர் வேலை செய்யலை. மொட்டை மாடியில சார்ஜ் இல்லாத போனோட நின்னவங்க எப்படித் தெருவைத் தொடுவாங்க? ஸ்மார்ட்போனே இல்லாத கரையோரக் குடிசைக்காரங்க எப்படித் தொடுவாங்க? அந்த மேப்ல நிறம் மாறாத ஒரு தெரு காய்ஞ்ச தெருவாவும் இருக்கலாம், முழுகிப் போன தெருவாவும் இருக்கலாம். வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். படகு எடுத்துட்டுப் போறவங்களுக்கு ஒண்ணு இல்லை.

சாலை விபத்துக்கும் இதே கதை. 2016-ல தமிழ்நாட்டுல சாலை விபத்துல செத்தவங்க 17,218 பேர். 2018-ல 12,216. விபத்து நடக்கிற இடத்தை மேப்ல குறிச்சு, அந்த வளைவை, அந்தச் சந்திப்பைச் சரி பண்ணது இந்தக் குறைவுக்கான காரணங்கள்ல ஒண்ணு. இப்போ சென்னை ஐஐடி உருவாக்குன ஐராட் அமைப்புல போலீஸ்காரர் விபத்து நடந்த இடத்துல இருந்தே மொபைல்ல பதிவு பண்றார். நல்ல விஷயம், பாராட்டணும்.

ஆனா தேசிய நெடுஞ்சாலையில ஒரு இடம் "பிளாக் ஸ்பாட்" ஆகணும்னா என்ன விதி தெரியுமா? சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள்ள, 3 வருஷத்துல, சாவோ படுகாயமோ ஏற்பட்ட 5 விபத்து நடந்திருக்கணும், இல்லைன்னா 10 பேர் செத்திருக்கணும். அதாவது மேப்ல ஒரு புள்ளி வர நாம உயிரைக் கொடுக்கணும். பள்ளிக்கூடப் பிள்ளைங்க தினமும் லாரிக்குப் பயந்து ஓடிக் கடக்கிற இடம், இன்னும் யாரும் சாகலைன்னா, எந்தப் பட்டியல்லயும் இருக்காது. அந்த இடம் ஊர்க்காரங்களுக்குத் தெரியும். கிளைச் செயலாளருக்குத் தெரியும். மேப்புக்குத் தெரியாது.

சில விஷயம் வானத்துல இருந்து பார்த்தாலும் தெரியாது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்துல தலித் மக்களைப் பிரிச்சு நின்ன சுவரோட ஒரு பகுதி 2008-லதான் இடிக்கப்பட்டுச்சு. சாட்டிலைட் படத்துல அது வெறும் கோடு. யாரை நிறுத்த எழுப்புன சுவர் என்பதை ஊர்ல போய் நின்னு கேட்டாத்தான் தெரியும். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை அரசு முன்கூட்டியே அடையாளம் காணணும் என்று 1995 விதிகள் சொல்லுது. அந்தப் பட்டியல் பழைய வழக்குகளை வச்சு மட்டும் தயாரானா, பயந்து புகாரே கொடுக்காத ஊர் அதுல வராது.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. 1930-கள்ல அமெரிக்காவுல ஒரு அரசு நிறுவனம் வீட்டுக்கடனுக்காக நகரங்களைத் தரம் பிரிச்சு நிறம் அடிச்சுது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு. சிவப்புன்னா கடன் கிடைக்காது. கடன் இல்லாததால வீடு பழுதாச்சு, பழுதானதால பகுதி இன்னும் மோசம்னு பேராச்சு. அதோட பாதிப்பு இன்னைக்கும் பேசப்படுது. நம்ம ஊர்ல "வியாசர்பாடியா? ஐயோ" என்று சொல்றவங்களுக்கு மேப் கூடத் தேவைப்படலை, வாயாலேயே சிவப்பு அடிச்சுட்டாங்க. அந்தப் பேரால வேலையும் வாடகை வீடும் கிடைக்காமப் போகுது. நாம ஷேர் பண்ற மேப் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

அதனால தோழர்களே, கேட்டுக்கிறது இதுதான்.

ஒண்ணு: ஒரு மேப் வந்தா மூணு கேள்வி கேளுங்க. இது எண்ணிக்கையா, விகிதமா? யார் பதிவு பண்ண எண்? வெளுப்பா இருக்கிற இடத்துல நிஜமாவே பிரச்சனை இல்லையா, இல்லை சொல்ல ஆள் இல்லையா? மூணுக்கும் பதில் இல்லைன்னா, நமக்குச் சாதகமான மேப்பா இருந்தாலும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

ரெண்டு: உங்க வார்டுக்கு நீங்களே மேப் போடுங்க. கூகுள் மை மேப்ஸ் இலவசம், அரை மணி நேரத்துல கத்துக்கலாம். எரியாத தெருவிளக்கு, மூடாத கால்வாய், பிள்ளைங்க பயந்து கடக்கிற ரோடு, ராத்திரி பஸ் இறங்கி நடக்க முடியாத சந்து, இதை எல்லாம் குறிங்க. பகல்ல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை நடங்க. மகளிரணி அக்காங்க இல்லாம இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க. எந்தச் சந்துல ஏன் பயம் என்பது அவங்க சொன்னாத்தான் நமக்குத் தெரியும். போன் இல்லாத வீட்டுக்கு நீங்க போய்க் கேளுங்க.

மூணு: இடத்தைக் குறிங்க, ஆளைக் குறிக்காதீங்க. பாதிக்கப்பட்டவங்க வீட்டுல புள்ளி வைக்கவே கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரோட அடையாளம் தெரியுற மாதிரி வெளியிடுறது சட்டப்படி குற்றம். "இந்தத் தெரு ஆளுங்க மோசம்" என்று எழுதுறது நம்ம வேலை இல்லை. "இந்தத் தெருவில 4 விளக்கு எரியலை" என்று எழுதுறதுதான் நம்ம வேலை.

நாலு: முடிச்சதும் போஸ்ட் போட்டு லைக் வாங்கி நிறுத்திடாதீங்க. கிராமம்னா பிரிண்ட் எடுத்து கிராம சபையில வைங்க. நகரம்னா கவுன்சிலர்கிட்ட கொடுங்க, சென்னைன்னா 1913-ல புகார் பதியுங்க. கவுன்சிலர் நம்ம கட்சியா இருந்தாலும் கொடுங்க. குறிப்பா அப்போ கொடுங்க. சரியான புள்ளியை மேப்ல பச்சையா மாத்துங்க, தேதி போடுங்க. அடுத்த தேர்தல்ல வீடு வீடா போகும்போது கையில எடுத்துட்டுப் போக அதை விட நல்ல நோட்டீஸ் கிடையாது.

இந்த வாரமே உங்க தெருவில இருந்து ஆரம்பிங்க. போட்ட மேப்போட லிங்க்கைக் கமெண்ட்ல போடுங்க, டெக்னிக்கல் சந்தேகம் இருந்தா கேளுங்க, நம்ம டீம் உதவும்.

#நம்மவார்டுநம்மமேப்
#இடத்தைக்குறிப்போம்