கைமாறும் எல்.சி... ஒரு சொல்லில் இருக்கிறது சூட்சுமம்!

திருப்பூரில் ஒரு வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஃபேக்டரி கிடையாது. ஜெர்மனியிலிருந்து 10,000 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர். ஒன்று 5 டாலர். உள்ளூர் பனியன் கம்பெனி 4 டாலருக்குத் தைத்துத் தரத் தயார். ஆனால், 'பணத்துக்கு என்ன உத்தரவாதம்?' என்கிறார் கம்பெனிக்காரர். வியாபாரியிடம் முதல் இல்லை. இருப்பது ஜெர்மன் வங்கி கொடுத்த எல்.சி. எனும் லெட்டர் ஆஃப் கிரெடிட் மட்டுமே.

கேட்ட ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவோம் என்று வங்கி எழுதித் தரும் உறுதிமொழிதான் எல்.சி. இதையே கம்பெனிக்காரர் பெயருக்கு மாற்றிவிடலாம். அதற்கான விதிகள், பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வணிகச் சபை வகுத்த 'யூ.சி.பி. 600'-ன் 38-வது பிரிவில் உள்ளன. 2007 ஜூலை 1 முதல் இவை நடைமுறையில் இருக்கின்றன.

முதல் விதி: எல்.சி.யில் 'டிரான்ஸ்ஃபரபிள்' என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். அது இருந்தாலும், மாற்றித் தர வங்கி சம்மதிக்க வேண்டும். கட்டணம் பொதுவாக வியாபாரியின் தலையில்தான்.

மாற்றும்போது விலை, மொத்தத் தொகை, கப்பலேற்றும் கெடு போன்றவற்றைக் குறைக்கலாம். வாங்குபவர் பெயருக்குப் பதில் வியாபாரி தன் பெயரைப் போடலாம். ஆனால், இன்வாய்ஸ் தவிர்த்த மற்ற ஆவணங்களிலும் வாங்குபவர் பெயர் வேண்டும் என்று எல்.சி. கேட்டால், ரகசியம் நிற்காது.

பார்ட் பார்ட்டாகப் பணம் எடுக்க அனுமதி இருந்தால், பல கம்பெனிகளுக்குப் பிரித்தும் கொடுக்கலாம். ஆனால், பெற்றுக்கொண்ட கம்பெனிக்காரர் அதைத் தன் சாயப்பட்டறைக்காரருக்குக் கைமாற்ற முடியாது.

உண்மையான சோதனை கடைசியில்தான். கம்பெனிக்காரர் 40,000 டாலருக்கு இன்வாய்ஸ் கொடுப்பார். வியாபாரி அதை எடுத்துவிட்டுத் தன் 50,000 டாலர் இன்வாய்ஸை வைக்க வேண்டும். நடுவில் உள்ள 10,000 டாலர்தான் அவருடைய வருமானம். வங்கி முதல் தடவை கேட்கும்போதே கொடுக்கத் தவறினால், கம்பெனிக்காரரின் ஆவணங்களையே அது ஜெர்மனிக்கு அனுப்பிவிடலாம். விதி அதற்கு இடம் தருகிறது. லாபமும் போகும், தைத்தவர் யார், என்ன விலை என்பதும் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த ஆர்டர் நேராகக் கம்பெனிக்கே போனாலும் ஆச்சர்யமில்லை.

ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்பே அந்த ஒரு சொல்லைக் கேட்டு வாங்குங்கள். சரக்கு கப்பலேறும் முன்பே உங்கள் இன்வாய்ஸைத் தயாராக வையுங்கள்.