வெயில் உண்டு, வைட்டமின் இல்லை: செறிவூட்டிய உணவு எவ்வளவு ஈடுசெய்யும்?

புது தில்லி: ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் நாட்டில், வளரிளம் பருவத்தினர் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வைட்டமின் டி போதிய அளவில் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-18 காலகட்டத்தில் நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயது வரையிலானோரில் 24 சதவீதத்தினருக்கு வைட்டமின் டி குறைபாடும், 31 சதவீதத்தினருக்கு வைட்டமின் பி12 குறைபாடும் இருப்பது கண்டறியப்பட்டது.

இதில் வயதுதான் கவனிக்கத்தக்கது. 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம் இவ்விரு குறைபாடுகளும் தலா 14 சதவீதமாகவே இருந்தன. குழந்தையின் பால் தம்ளர் தேநீர்க் கோப்பையாக மாறுவதும், மாலை நேர விளையாட்டைத் தனிப்பயிற்சி வகுப்பு விழுங்குவதும் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில்தான். ஆனால் அவை மட்டுமே காரணம் என்று இப்புள்ளிவிவரத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

வைட்டமின் டி-யைப் பொறுத்தவரை உணவின் பங்கு சிறிது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் படும்போதே உடல் அதைத் தயாரித்துக்கொள்கிறது. சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். எனவே கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து வெயில் காய்வதால் இவ்வகையில் பயனில்லை. காலை, மாலை இளவெயிலில் இக்கதிர் மிகக் குறைவு. நண்பகலை ஒட்டிய நேரத்திலேயே அதிகம். கருமை கூடிய தோலுக்குக் கூடுதல் நேரம் தேவை. வட மாநிலங்களின் குளிர்காலப் புகைமூட்டமும், உடலை முழுவதும் மூடும் உடையும், வீட்டுக்குள்ளேயே முடிந்துபோகும் பெண்களின் வேலை நாளும் சேரும்போது, வெயில் நிறைந்த நாடு என்பதற்குப் பொருளில்லாமல் போகிறது.

பி12 விஷயத்தில் நிலைமை தலைகீழ்: அது முழுக்க உணவைச் சார்ந்தது. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் கிடைக்கும் இச்சத்தைத் தாவர உணவுகளிலிருந்து நம்பத்தக்க அளவில் பெற முடியாது. கல்லீரல் பல ஆண்டுகளுக்குத் தேவையானதைச் சேமித்து வைப்பதால், குறைபாடு வெளிப்படுவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. கை, கால் மரத்துப்போவது போன்ற நரம்புப் பாதிப்புகள் சிலருக்குச் சிகிச்சைக்குப் பிறகும் முழுமையாக நீங்குவதில்லை. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலம் உட்கொள்வோருக்கும் பி12 அளவு குறையலாம்.

செறிவூட்டிய உணவே அரசின் முதன்மை விடை. பொது விநியோகத் திட்டத்தில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த அரிசி வழங்கப்பட்டு வந்தது. 2028 டிசம்பர் வரை இதைத் தொடர மத்திய அமைச்சரவை 2024-இல் ஒப்புதல் அளித்தது. கணக்கிட்டுப் பார்த்தால் அளவு தெளிவாகும். விதிப்படி ஒரு கிலோ அரிசியில் 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12 இருக்கும். முன்னுரிமைக் குடும்பங்களில் நபர் ஒருவருக்கு மாதம் கிடைப்பது 5 கிலோ தானியம். அது முழுவதும் அரிசியாகவே இருந்தாலும் சேரும் பி12 அதிகபட்சம் 6.25 மைக்ரோகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 2.2, அதாவது மாதத்திற்கு 66 மைக்ரோகிராம். பத்தில் ஒரு பங்குகூட நிறைவேறுவதில்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ அரை மைக்ரோகிராம் இருப்பதை நோக்கினால், பள்ளி மதிய உணவில் முட்டை வழங்குவது பற்றிய சர்ச்சைக்கு இன்னொரு பரிமாணம் கிடைக்கிறது.

வைட்டமின் டி சேர்த்த சமையல் எண்ணெய் சற்று மேல். நாளொன்றுக்கு 20 கிராம் உட்கொள்பவருக்கு 2.2 முதல் 3.2 மைக்ரோகிராம் கிடைக்கும், தேவை 15. எனினும் செறிவூட்டல் முத்திரை இல்லாத எண்ணெயை வாங்கும் வீடுகளுக்கு இதுவும் இல்லை.

இந்த இடைவெளியில்தான் மருந்துக்கடை நுழைகிறது. 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையைப் பொதுவாக வாரம் ஒன்று எனக் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். அதை நாள்தோறும் விழுங்கினால் இரத்தத்தில் கால்சியம் கூடி, சிறுநீரகம் பாதிக்கப்படும் அபாயம் உண்டு.