பன்னிரண்டு பன், ஒரே வெட்டு

ஒஹாயோவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகள் நம் கையில் இல்லை. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆட்டம் இருக்கிற அன்று கொலம்பஸ் நகரமே சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு அலையும். கால்பந்து என்றுதான் பெயர், ஆனால் பந்தைக் காலால் தொடுவது எப்போதாவதுதான். 1922-ல் திறந்த அந்த அரங்கத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அதற்கும் டிக்கெட் கிடைக்காதவர்கள் யாராவது ஒருவர் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் கூடிவிடுவார்கள். ஆட்டம் முடிய மூன்றரை மணி நேரம் ஆகும். பந்து ஓடுகிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் கொஞ்சம்தான் தேறும். மீதியெல்லாம் விளம்பரம், வாக்குவாதம், சாப்பாடு.

இந்த ஊர்க் கூட்டங்களில் நான் முதலில் கவனித்தது, வீட்டுக்காரம்மா சோபாவில் உட்கார்ந்திருப்பதைத்தான். நம் வீட்டில் இருபது பேர் வந்தால் ஒருவர் தோசைக்கல் முன்னால் நின்றே ஆகவேண்டும். கடைசிப் பந்தி எழும்வரை அவர் யாரிடமும் ஒரு வார்த்தை நிம்மதியாகப் பேசியிருக்கமாட்டார். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்" என்பதுதான் அன்றைக்கு அவர் பேசிய பேச்சு. அதை உபசாரம் என்று நாமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அந்தப் பெருமை விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. கூட்டத்துக்கு என்று ஒரு பலகாரம் செய்தால், செய்தவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கவேண்டும். ஹாம் சீஸ் ஸ்லைடரை நான் மதிப்பது முக்கியமாக இதற்காகத்தான். ருசி அதற்கு அடுத்தபடி.

ஸ்லைடர் என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன பன் சாண்ட்விச். இதில் கொலம்பஸ்காரர்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 1921-ல் கான்ஸாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் ஐந்து சென்டுக்குச் சதுரச் சதுரமாகச் சின்ன ஹாம்பர்கர் விற்கத் தொடங்கிய ஒயிட் காஸில் நிறுவனம், 1934-ல் தலைமையகத்தை இங்கேதான் மாற்றிக்கொண்டது. அவர்கள் வெங்காயத்தின் மேல் மாட்டிறைச்சியை வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். நான் சொல்ல வருகிற ஸ்லைடருக்கு அடுப்படியில் நிற்கிற வேலையே கிடையாது. எல்லாவற்றையும் அடுக்கி ஓவனுக்குள் தள்ளிவிட்டால் நம் பங்கு முடிந்தது.

இதன் சூட்சுமம் பன்னில் இருக்கிறது. கடையில் பன்னிரண்டு பன் ஒட்டிப்பிறந்த மாதிரி ஒரே பாளமாக வரும். அதைப் பிய்க்கக் கூடாது. பல் வைத்த ரொட்டிக் கத்தியை எடுத்து, பாளத்தின் தலையில் உள்ளங்கையை மெல்ல அழுத்தி, பக்கவாட்டில் குறுக்கே ஒரே வெட்டாகப் போகவேண்டும். அவசரப்படாமல் மூலையில் தொடங்கி, பாளத்தைத் திருப்பித் திருப்பி அறுத்தால் மேல்பாதி ஒரு மூடியாக, முழுசாகக் கழன்று வரும். இருபத்துநாலு துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இறைச்சி வைத்து, ஜோடி தேடி மூடுகிற வேலை இல்லை. ஒரே மெத்தை விரிப்பு, ஒரே போர்வை. பன்னிரண்டு சாண்ட்விச்சுக்கு ஐந்து நிமிஷம்.

எந்த பன் என்று கேட்டால் இங்கே எல்லோரும் சொல்வது கிங்ஸ் ஹவாயன் இனிப்பு ரோல்தான். அதன் கதை வேடிக்கையானது. 1878-லிருந்து மடெய்ரா, அசோர்ஸ் தீவுகளின் போர்த்துக்கீசியர்களைக் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்க்குக் கப்பலேற்றினார்கள். அவர்கள் தங்கள் ஊர் இனிப்பு ரொட்டியையும் கூடவே கொண்டுபோனார்கள். கரும்புக்காக ஆள் ஏற்றிய கப்பல் நமக்குப் புதிதா என்ன? சென்னையில் கிளம்பிய ட்ரூரோ 1860-ல் டர்பனில் ஆட்களை இறக்கியது. ஹவாயில் அந்த ரொட்டியைப் பிடித்துக்கொண்டவர் ராபர்ட் டைரா, ஜப்பானியக் குடியேறிகளின் மகன். 1950-ல் ஹிலோவில் பேக்கரி திறந்தார். பிறகு ஹோனலூலுவின் கிங் தெருவுக்கு மாறினார், கடைக்கும் அந்தத் தெருவின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1977-ல் கலிபோர்னியாவின் டாரன்ஸில் பெரிய அளவில் சுடத் தொடங்கினார்கள். போர்த்துக்கீசிய ரொட்டி, ஜப்பானிய வம்சத்துக் கை, ஹவாய் என்ற பெயர், அதற்குள் ஒஹாயோவின் சீஸ். இதை அசல் அமெரிக்கச் சாப்பாடு என்று சொல்வதில் தவறே இல்லை.

இந்த பன்னின் இனிப்பு சிலருக்குப் பிடிப்பதில்லை. உப்பான ஹாமுக்கு அந்த இனிப்புதான் ஈடு என்பது என் கட்சி. இனிப்பே ஆகாதென்றால் சாதா டின்னர் ரோல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டிய பாளமாக இருந்தால் போதும்.

ஹாம் என்பது பன்றியின் பின்தொடை. உப்பும் சோடியம் நைட்ரைட்டும் ஏற்றிப் பதப்படுத்தி, பெரும்பாலும் புகையூட்டியது. அந்த ரோஜா நிறம் நைட்ரைட் தருவது. சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி சீவித் தரும் டெலி கவுன்ட்டர் என்று தனியாக ஒன்று இருக்கும். அங்கே கேட்டு வாங்குவதே உத்தமம். மெல்லிசாக வேண்டும் என்றால், கையுறை போட்ட பெண்மணி முதல் சீவலை ஒரு காகிதத்தில் ஏந்தி, கண்ணாடிக்கு மேலாக நீட்டி, "இந்த அளவு சரியா?" என்று முகத்தைப் பார்ப்பார். காகிதத்தின் எழுத்து சீவலுக்குள் மங்கலாகத் தெரிந்தால் தலையாட்டுங்கள். தடித்த துண்டாக இருந்தால் ஒரு கடியில் அறாது. மொத்த ஹாமும் பன்னை விட்டு வழுக்கிக்கொண்டு வாயோடு வந்துவிடும். மெல்லிசாகச் சீவியதைத் தட்டையாகப் பரப்பாமல், துணியைக் கசக்கிப் போடுகிற மாதிரி மடித்து மடித்துப் போடவேண்டும். இடையிடையே சீஸ் உருகி இறங்க இடம் கிடைக்கும்.

இன்னொன்று, லேபிளைப் படியுங்கள். அமெரிக்க விதிப்படி ஹாமுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். வெறும் ஹாம் என்று போட்டிருந்தால் கொழுப்பு நீக்கிய கணக்கில் புரதம் குறைந்தது 20.5 சதவீதம் இருக்கவேண்டும். 'இயற்கைச் சாறுடன்' என்றால் 18.5. 'தண்ணீர் சேர்த்தது' என்றால் 17. அதற்கும் கீழே 'ஹாமும் தண்ணீரும் கலந்த பொருள்' என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்தாலே வாங்கத் தோன்றக் கூடாது, ஆனாலும் விலையைப் பார்த்துக் கைபோகும். ஓவன் சூட்டில் அந்தத் தண்ணீர் முழுவதும் அடி பன்னில்தான் இறங்கும். பிழிந்தால் சொட்டுகிற பன்னை யார் சாப்பிடுவது? வேறு வழியில்லாமல் அதை வாங்கினால் காகிதத் துவாலையில் ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள்.

சீஸ் என்றால் ஸ்விஸ். ஹாமுக்கு அதைவிடப் பொருத்தமான சோடி எனக்குத் தெரிந்து இல்லை. நாட்டிலேயே ஸ்விஸ் சீஸ் அதிகம் தயாராவது ஒஹாயோவில்தான். கொலம்பஸிலிருந்து ஒன்றரை மணி நேரம் வடகிழக்கே போனால் ஹோம்ஸ் கவுன்ட்டி. குதிரை வண்டியில் போகிற ஆமிஷ் மக்களின் பால்பண்ணைகள் வரிசையாக வரும். 1947-ல் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த ஆல்ஃபிரட் குக்கிஸ்பர்க் என்ற சீஸ்காரர், அமெரிக்க நாக்குக்குத் தகுந்தாற்போல் மிருதுவாக, சின்னச் சின்ன ஓட்டைகளுடன் 1960-களில் அங்கே உருவாக்கியதுதான் பேபி ஸ்விஸ். அந்த ஓட்டைகள் எலி போட்டதல்ல, சீஸ் முதிரும்போது உள்ளே இருக்கிற நுண்ணுயிர் விடுகிற கரியமில வாயு. ஸ்லைடருக்குப் பேபி ஸ்விஸ் அருமையாக உருகும். ஹாமுக்கு அடியில் ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு என்று இரண்டு பக்கமும் வையுங்கள். அடி அடுக்கு பன்னை ஈரத்திலிருந்து காக்கும், மேல் அடுக்கு மூடியை ஒட்டும். துருவி பாக்கெட்டில் அடைத்த சீஸ் வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவுச்சத்து தூவியிருப்பார்கள், அது நன்றாக இளகாது.

பன்னிரண்டு பன்னுக்கு ஹாம் 350 கிராம், சீஸ் 225 கிராம். மேலே ஊற்ற, வெண்ணெய் ஒரு கட்டி, அதாவது 113 கிராம். அதை உருக்கி, டிஜான் கடுகு விழுது ஒரு மேஜைக்கரண்டி, கசகசா ஒரு மேஜைக்கரண்டி, பொடியாக நறுக்கிய வெங்காயம் கொஞ்சம், வூஸ்டர் சாஸ் இரண்டு தேக்கரண்டி கலக்கவேண்டும். வூஸ்டர் சாஸின் புளிப்பு நம் நாக்குக்கு உடனே பிடிபட்டுவிடும். பிடிபடாமல் என்ன செய்யும், 1837-லிருந்து லீ அண்ட் பெரின்ஸ் விற்கிற அந்த இங்கிலாந்துச் சாஸில் இருப்பது புளிதானே! கசகசா இங்கே கருநீலமாக இருக்கும், நம் குருமாவில் அரைத்துவிடுகிற வெள்ளை ரகம் அல்ல. விருந்தாளிகளில் ராணுவத்தில் இருப்பவர் யாராவது உண்டென்றால் எள் தூவிவிடுங்கள். கசகசா சாப்பிட்டால் போதைப்பொருள் சோதனையில் மாட்டிக்கொள்ள நேரலாம் என்று 2023 பிப்ரவரியில் பாதுகாப்புத் துறையே படைவீரர்களை எச்சரித்திருக்கிறது.

9-க்கு 13 அங்குல ட்ரேயில் கீழ்ப்பாதி, சீஸ், ஹாம், சீஸ், மூடி. முந்தின நாள் இரவே அடுக்கி, இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். வெண்ணெயை மட்டும் மறுநாள் ஓவனில் வைப்பதற்கு முன்னால் உருக்கி ஊற்றுங்கள். பன்கள் சேர்கிற இடுக்குகளில் கரண்டியால் விட்டால் பக்கமெல்லாம் ஊறும். 350 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 175. அலுமினியத் தாளால் மூடி இருபது நிமிஷம். தாள் இல்லாவிட்டால் இனிப்பு பன் சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே சீஸ் அப்படியே விறைத்துக் கிடக்கும். பிறகு தாளை எடுத்துவிட்டு ஐந்து முதல் எட்டு நிமிஷம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ட்ரேக்கு இன்னும் பத்து நிமிஷம் கூட வைக்கவேண்டும். வெளியே வந்ததும் கை துருதுருக்கும், ஐந்து நிமிஷம் பொறுத்துப் பன் கோடுகளின் வழியே வெட்டுங்கள். ஆளுக்கு இரண்டு என்று கணக்கு வையுங்கள். பதின்வயதுப் பையன்கள் இருந்தால் கணக்கு செல்லாது.

இதே ட்ரேயை வேறொரு வகைக் கூட்டத்திலும் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் தெற்கிலும் மத்திய மேற்கிலும் இதற்குச் சாவு வீட்டு சாண்ட்விச் என்றும் ஒரு பெயர் உண்டு. அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுகிறவர்களுக்கு, சபையின் பெண்கள் ஆளுக்கொரு ட்ரே கொண்டுவந்து வைப்பார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டாத நமக்கு இதில் விளங்காதது ஒன்றும் இல்லை. காகிதத் தட்டில் ஒரு கையால் எடுத்து நின்றபடி சாப்பிடலாம். அழுதுகொண்டிருப்பவரிடம் முள்கரண்டியையும் கத்தியையும் கொடுத்து உட்கார வைக்கவேண்டியதில்லை.

நம் ஆட்கள் கூடும் இடத்தில் இதைச் செய்வதாக இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவுக்கு என்ன கொண்டுவருவது என்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, எங்க வீட்டுக்காரர் பன்றி தொடமாட்டார். கோழி வச்சுப் பண்ணலாமா?" தாராளமாக. புகையூட்டிய வான்கோழி இன்னும் நன்றாக இருக்கும். சைவத்துக்குக் காளானை வெங்காயத்தோடு தண்ணீர் வற்ற வதக்கி, மிளகு தூக்கலாகப் போட்டுப் பரப்பலாம். ஆனால் வூஸ்டர் சாஸை விட்டுவிடவேண்டும், அதில் புளியோடு நெத்திலி மீனும் இருக்கிறது. சீஸும் பார்த்து வாங்கவேண்டும். பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னட் சேர்த்தவையும் உண்டு, சைவ ரென்னட் என்று உறையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ட்ரே மேஜைக்கு வந்தபின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது என்பது இந்நாட்டு வேளாண்மைத் துறையின் கணக்கு. ஆட்டமோ மூன்றரை மணி நேரம். ஆகவே இரண்டு ட்ரே செய்கிறவர்கள் இரண்டாவதை இடைவேளைக்குச் சற்று முன்னால் ஓவனில் வையுங்கள். சூடாகவும் கிடைக்கும், தாமதமாக வருகிறவருக்கும் மிஞ்சும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ட்ரேக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வையுங்கள்: பன்றி இறைச்சி, சீஸ், கோதுமை, நெத்திலி சேர்ந்தது என்று. வெண்ணெயில் பளபளக்கிற மூடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. நாலு பேர் நடுவில் அதைக் கேட்க எல்லோருக்கும் வாய் வராது.